பட்டாளத்தில் ஆட்களை நடத்தியவருக்கு ஏஐ துறையில் என்ன இடம்?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் புரியட்டும். கேட்டவர் தேவகோட்டைப் பக்கத்துக்காரர். ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் 28 வருஷம், இப்போது சுபேதார், இன்னும் எட்டு மாதத்தில் பென்ஷனில் ஊருக்கு வருகிறார். படிப்பு ப்ளஸ் டூ. ஒரு பயிற்சி நிறுவனம் “ஏஐ தலைமைத்துவம்” என்று ஆறு மாதப் படிப்புக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் கேட்கிறதாம். முப்பது நாற்பது பேரை வைத்து வேலை வாங்கியவன் நான், நேராகத் தலைமைப் பொறுப்பில் போய் உட்கார முடியுமா, இல்லை 22 வயசுப் பையன்களோடு உட்கார்ந்து அ, ஆ-விலிருந்து கோடிங் படிக்கணுமா என்று கேட்டிருக்கிறார். வெளியே தெரிகிற கேள்வி படிப்பைப் பற்றியது. ஆனால் அவர் எழுதிய விதத்தைப் பார்த்தால், “இத்தனை வருஷம் சம்பாதித்த ரேங்குக்கு வெளியே ஏதாவது விலை உண்டா” என்பதுதான் உள்ளே இருப்பது. அதற்கே பதில் சொல்கிறேன், படிப்பு விஷயமும் போகிற போக்கில் வந்துவிடும்.

என்னைப் பற்றி ரெண்டு வரி. நான் ராணுவக் கருவிகளைப் பழுது பார்க்கிற ஈஎம்இ பிரிவில் இருந்தவன், ரேடார் பழுது பார்த்தவன், ஹவில்தாராக வெளியே வந்தேன், ஆகவே ரேங்கில் நீங்கள் எனக்கு மேல், ராம் ராம் ஸாப். இப்போது தொழிற்சாலைகளில் கேமரா பொருத்தி, உருவாகிற பாகத்தில் கீறலோ விரிசலோ இருந்தால் ஏஐ கண்டுபிடித்துச் சொல்கிற அமைப்புகளை நிறுவி, ஓட்டி, விழுந்தால் தூக்கி நிறுத்துகிற வேலை. ஒரு சின்னக் குழு என் கீழே இருக்கிறது. பாதி நாள் ஓசூர், ஸ்ரீபெரும்புதூர். மீதி நாள் கோட்டையூர் வீட்டிலிருந்து. ஏஐ மாடலை, அதாவது உதாரணங்களிலிருந்து கற்றுக்கொண்டு முடிவு சொல்கிற நிரலை, உருவாக்குகிற ஆராய்ச்சியாளன் இல்லை நான். ராணுவத்துக்குள்ளே நடக்கிற ஏஐ திட்டங்களிலும் வேலை பார்த்ததில்லை, அதைப் பற்றிச் சொல்வதெல்லாம் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டதை வைத்துத்தான். களத்தில் இந்த எந்திரங்கள் எப்படி நடந்துகொள்கின்றன, அதைச் சுற்றி எந்த மாதிரி ஆள் தேவைப்படுகிறான் என்பதில் மட்டும் நான் சொல்வதை நம்பலாம்.

கசப்பானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரேங்க் அப்படியே வராது. பட்டாளத்தில் உங்கள் சொல்லுக்குப் பின்னால் ராணுவச் சட்டம் நிற்கிறது, நாளைக் காலையில் எவனும் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டுப் போக முடியாது. இங்கே உங்களை விட இருபது வயசு சின்னவன் உங்கள் மேலதிகாரியாக இருப்பான். உங்கள் கீழே இருக்கிறவன் பிடிக்கவில்லை என்றால் அடுத்த மாதம் வேறு கம்பெனியில் இருப்பான். நம்ம ஊர்ச் செட்டியார்கள் கடல் கடந்து தொழில் செய்ய, அதாவது கொண்டுவிற்க, போன காலத்தில், முதலாளி வீட்டுப் பையனே ஆனாலும் முதலில் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, அப்புறம் அடுத்தாளாகி, அதற்கப்புறம்தான் மேலாளாக முடியும் என்று பெரியவர்கள் சொல்வார்கள் இல்லையா, அதே கதைதான். ஆனால் வீட்டில் ராத்திரி பகலாகக் கணக்குப் பேச்சைக் கேட்டு வளர்ந்த பையன் அந்தப் படிகளைச் சீக்கிரம் ஏறிவிடுவான். உங்களுக்கும் அந்த வாய்ப்பு இருக்கிறது, ஏன் என்று சொல்கிறேன்.

1991 வளைகுடாப் போர் உங்களுக்கு நினைவிருக்கும், பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். பிப்ரவரி 25ஆம் தேதி சவூதி அரேபியாவில் தஹ்ரான் என்ற இடத்தில் ஒரு ஸ்கட் ஏவுகணை அமெரிக்க வீரர்கள் தங்கியிருந்த பேரக்ஸில் விழுந்து 28 பேர் செத்தார்கள். வருகிற ஏவுகணையை வானத்திலேயே சுட்டு வீழ்த்துகிற பேட்ரியாட் அமைப்பு காவலுக்கு இருந்தது, ஓடிக்கொண்டும் இருந்தது, ஆனால் சுடவேயில்லை. காரணம் கேட்டால் சிரிப்பும் வரும் எரிச்சலும் வரும். அந்தக் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு செகண்டாக எண்ணிக்கொண்டு வந்தது. பத்தில் ஒன்று என்கிற பின்னம் இரும எண்ணில் முடிவே இல்லாமல் நீளும், அதை 24 பிட்டுக்குள் வெட்டி வைத்திருந்தார்கள். வெட்டியதில் போன துளி ஒரு மணி நேரத்தில் தெரியாது, தொடர்ந்து 100 மணி நேரம் ஓடியபோது அது 0.34 செகண்டாகச் சேர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். கணினி வானத்தில் தப்பான இடத்தைப் பார்த்தது, அங்கே ஒன்றும் இல்லை, சும்மா இருந்துவிட்டது.

இதுவரை பொறியியல் கதை. எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து வருவது. இந்தப் பழுது முன்னாலேயே தெரிந்திருந்தது. இஸ்ரேல்காரர்கள், எட்டு மணி நேரம் தொடர்ந்து ஓட்டினாலே குறி நகர்கிறது என்று இரண்டு வாரம் முன்னால் சொல்லிவிட்டார்கள். பிப்ரவரி 21ஆம் தேதி அமெரிக்கத் தரப்பிலிருந்து களத்துக்குச் செய்தியும் போனது: “மிக நீண்ட நேரம்” ஓட்டினால் குறி நகரக்கூடும் என்று. மிக நீண்ட நேரம் என்றால் எவ்வளவு என்று அந்தச் செய்தியில் இல்லை. நிறுத்தி மறுபடி போட்டால் கடிகாரம் சரியாகிவிடும், அதற்கு ஒன்றிரண்டு நிமிடம் போதும். திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது 26ஆம் தேதி, ஒரு நாள் கழித்து.

ஸாப், உங்கள் கையில் அப்படி ஒரு சிக்னல் வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? “நீண்ட நேரம் என்றால் எத்தனை மணி, எழுத்தில் கொடு” என்று திருப்பி அனுப்பியிருப்பீர்கள். பதில் வரும்வரை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்திப் போடச் சொல்லி டியூட்டி ரிஜிஸ்டரில் ஒரு கோடு போட்டிருப்பீர்கள். இதற்கு பைத்தான் என்கிற நிரல் மொழி தெரிய வேண்டாம். தன் பொறுப்பில் இருக்கிற கருவி எப்போது பொய் சொல்லும் என்று தெரிந்துகொள்ளாமல் தூங்கமாட்டேன் என்கிற குணம் வேண்டும். ஏஐ துறையில் இன்றைக்கு ரொம்பக் குறைவாகக் கிடைப்பது இந்தக் குணம் உள்ள ஆள்தான் என்பது என் அனுபவம். மாடல் செய்கிறவர்களுக்குத் தங்கள் மாடல் சோதனையில் எத்தனை சதவீதம் வாங்கியது என்று தெரியும், மழைக்காலத்தில் லென்ஸில் ஈரம் படிந்தால் என்ன ஆகும் என்று யோசித்திருக்கமாட்டார்கள். அது அவர்கள் தப்பு என்று சொல்லமாட்டேன், அவர்கள் வேலை வேறு.

இன்னொன்று, இது கொஞ்சம் கணக்கு, ஆனால் இந்தத் துறைக்கு வருகிறவர் கட்டாயம் கைவசம் வைத்திருக்க வேண்டிய கணக்கு. ஒரு தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு 10,000 பாகம் வருகிறது, அதில் உண்மையில் பழுதானது 10 என்று வையுங்கள். நம் அமைப்பு பழுதில் 99 சதவீதத்தைப் பிடிக்கிறது, நல்லதில் ஒரு சதவீதத்தை மட்டும் தப்பாகப் பழுது என்கிறது. கேட்க அருமையாக இருக்கிறதா? பழுதான பத்தையும் அநேகமாகப் பிடித்துவிடும், சரி. ஆனால் மீதி 9,990 நல்ல பாகத்தில் ஒரு சதவீதம் என்றால் சுமார் 100. ஆக, பழுது என்று எச்சரிக்கை மணி அடிப்பது 110 தடவை, அதில் 100 தடவை வெற்று மணி. மூன்றாம் நாள் அந்த மணியைக் கேட்கிற ஆபரேட்டர் என்ன செய்வான்? பார்க்காமலே பட்டனை அமுக்குவான். சென்ட்ரி போஸ்ட்டில் நாய் குரைக்கிறதற்கெல்லாம் ஸ்டாண்ட்-டு கொடுத்து எல்லோரையும் ஆயுதத்தோடு எழுப்பினால் நாலாவது ராத்திரி எவனும் எழுந்திருக்கமாட்டான் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மணி எந்த அளவில் அடிக்க வேண்டும், அடித்தால் யார் பார்ப்பது, பார்த்தவன் சந்தேகப்பட்டால் யாரைக் கூப்பிடுவது, எந்திரமே மௌனமாகிவிட்டால் எப்படித் தெரிந்துகொள்வது, இதையெல்லாம் தீர்மானித்து எழுதி வைத்து, ராத்திரி ஷிஃப்டிலும் நடக்கிறதா என்று போய்ப் பார்ப்பதுதான் ஏஐயில் நான் பார்த்த தலைமைப் பொறுப்பு. மேடையில் எதிர்காலம் பற்றிப் பேசுவது வேறு தொழில்.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு, மணியைக் கண்ணை மூடி நம்புவது. 2003 இராக் போரில், மார்ச் 23ஆம் தேதி, தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் டொர்னாடோ விமானத்தை அதே பேட்ரியாட் எதிரி ஏவுகணை என்று வகைப்படுத்தியது, திரைக்கு முன்னால் இருந்தவர்கள் அதை ஏற்றுச் சுட்டார்கள், விமானத்தில் இருந்த இரண்டு பேரும் போனார்கள். பத்து நாள் கழித்து அமெரிக்காவின் சொந்த விமானமும் அப்படியே விழுந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த ஏஐ சட்டமும், ஆபத்து அதிகமான அமைப்புகளில் மனிதக் கண்காணிப்பு இருக்க வேண்டும் என்பதோடு விடாமல், எந்திரம் சொன்னதை அப்படியே நம்பிவிடும் சாய்வு தனக்கு இருக்கிறது என்று கண்காணிப்பவர் உணர்ந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஐரோப்பாவுக்குப் பொருள் விற்கிற நம்ம ஊர்க் கம்பெனிகளுக்கும் இது கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேரும்.

சரி, பட்டாளத்துப் பழக்கத்தில் இங்கே கெடுதல் செய்வதும் இருக்கிறது. பெரியது “ஸப் டீக் ஹை ஸாப்”. மேலே இருந்து ஆள் வந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவர் போனபின் நாமே சரிசெய்துகொள்வது நமக்கு ரத்தத்தில் ஊறியது. ஏஐ அமைப்பில் அது விஷம். பழுதான உதாரணங்கள்தான் அங்கே சொத்து, அதைச் சேர்த்து வைத்துத்தான் மாடலைத் திருத்துகிறார்கள், மறைத்தால் திருத்தம் நின்றுவிடும். அடுத்தது, ஜூனியர் எதிர்த்துப் பேசினால் மூக்கு சிவப்பது. இங்கே 24 வயசுப் பெண் ஒருத்தி வாடிக்கையாளர் முன்னாலேயே “நீங்கள் சொல்வது தப்பு, டேட்டா அப்படிச் சொல்லவில்லை” என்பாள், பெரும்பாலும் அவள் சொல்வது சரியாகவும் இருக்கும். இதைச் சிரித்துக்கொண்டே கேட்கப் பழகாத முன்னாள் வீரர்கள் ஒரு வருஷம் தாங்காமல் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலைக்குத் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன்.

செக்யூரிட்டி என்றதும் ஒரு வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். கார்ப்பரேட் உலகத்துக்கு ராணுவ அதிகாரியைத் தெரியும். ஓய்வு பெறுகிற அதிகாரிகளுக்கு ஐஐஎம்களில் 24 வார மேலாண்மைப் படிப்பு இருக்கிறது, கம்பெனிகளே அங்கே போய் ஆள் எடுக்கின்றன. ஜேசிஓ, அதாவது அதிகாரிக்கும் ஜவானுக்கும் நடுவே இருக்கிற சுபேதார் போன்ற ரேங்க், என்றால் யார் என்று பாதி ஹெச்ஆருக்குத் தெரியாது. சுபேதார் என்று ரெஸ்யூமின் முதல் வரியில் போட்டால் கேட்டில் நிற்கிற வேலைக்கு ஃபைலை நகர்த்திவிடுவார்கள். உண்மையில் பட்டாளத்தில் கம்பெனி என்கிற படைப்பிரிவின் அன்றாட இயக்கத்தைத் தாங்கிப் பிடிப்பவர் சீனியர் ஜேசிஓ தான், ஏஐ அமைப்பை ஓட்டுவதற்கும் அந்த மாதிரி ஆள்தான் வேண்டும். ஆனால் அவர்களுக்கு அது தெரியாது, நீங்கள்தான் தெரிய வைக்க வேண்டும். ஆகவே ரேங்கைக் கீழே தள்ளி, செய்த வேலையை மேலே எழுதுங்கள்: 24 மணி நேரமும் நிற்கக் கூடாத தகவல்தொடர்பு, மூன்று ஷிஃப்ட், இத்தனை ஆள், பழுது வந்தால் எத்தனை நிமிடத்தில் மீட்டீர்கள், எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள்.

எந்த வேலைகள் என்று கேட்டால், உங்கள் கை வேலைக்கு மிக நெருங்கியது டேட்டா சென்டர். ஏஐ என்பது கடைசியில் ஏதோ ஒரு கட்டடத்தில் சூடாகிற எந்திரங்கள்தானே. மின்சாரம், ஜெனரேட்டர், குளிரூட்டல், ஃபைபர், ராத்திரி ஷிஃப்ட், யார் உள்ளே வந்தார் யார் போனார் என்கிற பதிவு. கடலடி கேபிள்கள் கரையேறுகிற இடம் என்பதால் சென்னையில் இவை வரிசையாக வந்திருக்கின்றன, சிறுசேரி, அம்பத்தூர் பக்கம் போனால் பார்க்கலாம். காரைக்குடியில் விடியக்காலம் பல்லவனில் ஏறினால் மதியம் எழும்பூர், ஆனால் குடும்பத்தை இங்கே விட்டு அங்கே தங்க வேண்டியிருக்கும், இருபத்தெட்டு வருஷம் அதைத்தானே செய்தோம் என்று வீட்டில் கேட்பார்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ரெண்டாவது, நான் செய்கிற மாதிரியான கள நிறுவல்: தொழிற்சாலை, துறைமுகம், கிடங்கு, ட்ரோன். மூன்றாவது, நெட்வொர்க் கண்காணிப்பு மற்றும் சைபர் பாதுகாப்பு அறைகள், சிக்னல்ஸ்காரருக்குச் சொல்லவே வேண்டாம்.

நாலாவது ஒன்று இருக்கிறது, இதை முன்னாள் வீரர்கள் யோசிப்பதே இல்லை, மொழி. தமிழ்நாட்டில் பிறந்து, ஜபல்பூரில் பயிற்சி எடுத்து, பஞ்சாபி, டோக்ரா, மராட்டா, அஸ்ஸாம் ஆட்களோடு இருபத்தைந்து வருஷம் பேசி வாழ்ந்தவர் நீங்கள். புத்தக இந்தியைத் தாண்டி, வயர்லெஸ்ஸில் இரைச்சலுக்கு நடுவே வருகிற இந்தி உங்களுக்குப் புரியும். இந்திய மொழிகளுக்கான ஏஐ வேலை இன்றைக்குப் பெரிய அளவில் நடக்கிறது, மத்திய அரசின் பாஷினி திட்டம் 2022இல் தொடங்கியது, ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் குழு பேச்சையும் மொழிபெயர்ப்பையும் திறந்த மாடல்களாக வெளியிடுகிறது. பேச்சைக் கேட்டு எழுத்தாக்கிச் சரிபார்ப்பது, எந்திரம் சொன்ன பதில் அந்த மொழிக்காரர் காதுக்கு எப்படிக் கேட்கும் என்று மதிப்பிடுவது, அந்த மதிப்பீட்டாளர் குழுவை ஒழுங்காக நடத்துவது, இவற்றில் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை உண்டு. ஆரம்பத்தில் சம்பளம் கொஞ்சம்தான், கால ஒப்பந்தமாகத்தான் வரும். இருந்தாலும் மாடல் எங்கெங்கே வழுக்கும் என்று கற்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

இனி சந்தேகமான பகுதி. ராணுவமே ஏஐக்குப் போகிறதே, பாதுகாப்புத் துறையில் எனக்கு இடம் வராதா என்றும் கேட்டிருந்தீர்கள். நடந்தது இது. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் ஏஐ, ரோபோ ஆய்வுக்கூடம் பெங்களூரில் 1986லிருந்து இருக்கிறது. 2018இல் டாடா சன்ஸ் தலைவர் என். சந்திரசேகரன், நம்ம மோகனூர்க்காரர், தலைமையில் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு குழு போட்டது, அதன் பரிந்துரைப்படி 2019இல் பாதுகாப்பு ஏஐ கவுன்சிலும் அதற்குக் கீழே ஒரு திட்ட அமைப்பும் வந்தன, வருஷத்துக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 2022 ஜூலையில் 75 ஏஐ பொருட்களை ஒரே மேடையில் வெளியிட்டார்கள். பாதுகாப்புத் துறைக்குப் புதுப் பொருள் செய்கிற சின்ன நிறுவனங்களுக்காக ஐடெக்ஸ் என்கிற திட்டம் 2018இல் தொடங்கியது, தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து மையங்கள். நமக்குப் பக்கம் திருச்சி. பொதுவான ஏஐக்கு 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம் சுமார் 10,372 கோடி ரூபாய், ஐந்து வருஷத்துக்கு. இவை எல்லாம் உறுதி. இதிலிருந்து தேவகோட்டைக்கு ஒரு வேலை வரும் என்பது மட்டும் உறுதி இல்லை. பணத்தில் பெரும்பகுதி கணிப்பொறிக்கும் பொருள் உருவாக்கத்துக்கும் போகிறது. பாதுகாப்பு ஸ்டார்ட்அப்கள், தங்கள் பொருளைப் படையில் பயன்படுத்துபவர் கண்ணால் பார்க்கத் தெரிந்த ஆளைத் தேடுகின்றன என்பது உண்மை, ஆனால் முதலில் அவர்கள் கை போவது கர்னல்கள் பக்கம்தான். அந்த நிலைமை மாறலாம் என்று நினைக்கிறேன், பத்திரம் எழுதித் தரமாட்டேன்.

கோடிங் எதிர்காலம் பற்றியும் என் கணிப்பு இவ்வளவுதான்: சாதாரண நிரல் எழுதுகிற வேலையை எந்திரமே வேகமாக விழுங்கிக்கொண்டிருக்கிறது, ஆகவே 46 வயசில் 22 வயசுப் பையனோடு அந்த ஓட்டத்தில் போட்டி போடுவது எனக்கு நல்ல யோசனையாகத் தெரியவில்லை. அதற்காகக் கோடிங்கே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குப் பைத்தான், ஒரு டேட்டாபேஸில் கேள்வி கேட்கிற அளவுக்கு எஸ்க்யூஎல், எல்லாவற்றையும் விட நிகழ்தகவும் புள்ளியியலும் வேண்டும். மேலே சொன்ன 110 தடவை மணி அடிக்கிற கணக்கைத் தாளில் போட்டுக் காட்டத் தெரிந்த மேனேஜர் நான் சந்தித்தவர்களில் குறைவு. இதற்குப் பணம் கட்ட வேண்டாம், ஐஐடிகளின் இணையப் பாடத் தளமான என்பிடெல்லில் இலவசமாகக் கேட்கலாம். ஒரு பட்டமும் வேண்டும் என்றால் ஐஐடி மெட்ராஸ் 2020லிருந்து நடத்துகிற டேட்டா சயன்ஸ் பிஎஸ் படிப்பு இருக்கிறது, ஜேஇஇ தேவையில்லை, வயசு வரம்பில்லை, ப்ளஸ் டூ போதும், நாலு வாரப் பாடம் படித்து ஒரு தகுதித் தேர்வு எழுதி உள்ளே போகலாம், நடுவில் நிறுத்தினாலும் முடித்த கட்டத்துக்குச் சான்றிதழ் உண்டு. கணக்கு விட்டுப் பல வருஷம் ஆனவருக்கு முதல் கட்டம் கடினம், அதையும் சொல்லிவிடுகிறேன். பலர் விட்டுவிட்டுப் போவது அங்கேதான்.

அந்த 2 லட்சத்து 40 ஆயிரம் படிப்பு. பெயர் நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கட்டாதீர்கள் என்பதே என் பதில். கட்டியே ஆகணும் என்று தோன்றினால் முதலில் போய்க் கேளுங்கள்: போன பேட்ச் ஆட்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள், அவர்களில் மூன்று பேரிடம் நான் பேச முடியுமா, பாடம் எடுப்பவர் எந்த அமைப்பைக் களத்தில் ஓட்டியிருக்கிறார், பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பும், இதை எழுத்தில் தருவீர்களா. ஒரு ஸ்டோர் ஹேண்ட் ஓவர் எடுக்கும்போது எப்படி எண்ணி வாங்குவீர்களோ அப்படி. ஆறு மாதத்தில் தலைமைத்துவம் சொல்லித்தருகிறேன் என்பவனிடம், அதை இருபத்தெட்டு வருஷம் செய்தவர் போய்ப் பணம் கட்டுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

அதற்குப் பதில், இன்னும் சர்வீஸில் இருக்கிறீர்களே, அந்த எட்டு மாதம் தங்கம். பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்குநரகமான டிஜிஆர் நடத்துகிற பயிற்சிகள் பெரும்பாலும் ஓய்வுக்கு முன்னால் எடுக்க வேண்டியவை, ஜேசிஓ, ஜவான்களுக்குக் கட்டணம் இல்லை. வீட்டுக்கு வந்தபின் கேட்டால் வாய்ப்பு குறைந்துவிடலாம். யூனிட் ஆபீஸில் இந்த வாரமே பட்டியலைக் கேளுங்கள், நெட்வொர்க், சைபர், திட்ட மேலாண்மை இவற்றில் எது கிடைத்தாலும் எடுங்கள். பட்டமில்லாத முன்னாள் வீரர்களுக்கு 15 வருஷ சேவையைப் பட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்கிற சலுகை மத்திய அரசின் குரூப் சி பதவிகளுக்கு இருக்கிறது, தனியார் கம்பெனி அதை மதிக்க வேண்டிய கட்டாயமில்லை என்பதையும் மனதில் வையுங்கள். பொதுத்துறை வங்கிகளில் கிளார்க் பதவியில் முன்னாள் வீரர்களுக்கு 14.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஊரிலேயே இருக்கணும், பிள்ளைகள் படிப்பு முடியணும் என்றால் அதை எழுதிப் பார்ப்பது ஏஐயை விட நிச்சயமான வழி. அதைச் சொல்லாமல் உங்களை இந்தப் பக்கம் இழுப்பது நியாயமில்லை.

ஆனால் பென்ஷன் இருக்கிறது என்பதை நீங்கள் பலமாகப் பார்க்கலாம். 25 வயசுப் பையன் வீட்டு வாடகைக்காக வருகிற முதல் வேலையைப் பிடிக்க வேண்டும். உங்களால் ரெண்டு வருஷம் குறைந்த சம்பளத்தில், கற்கக்கூடிய இடமாகப் பார்த்து உட்கார முடியும். அந்த ரெண்டு வருஷத்தில் டீமில் எவனும் விரும்பாத வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்: பழுதுப் பதிவேடு, ராத்திரி அழைப்பு, புது ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பது, ஒவ்வொரு கோளாறுக்குப் பிறகும் பழி போடாமல் என்ன நடந்தது என்று உட்கார்ந்து பேசுவது. அந்தப் பேச்சை நடத்தத் தெரிந்தவரிடம் கம்பெனி தானாகவே ஆட்களை ஒப்படைக்கிறது, நான் பார்த்தவரை மூன்று நாலு வருஷத்தில். எல்லா இடத்திலும் அப்படி நடக்கும் என்று சொல்லமாட்டேன். வயசைப் பார்த்தே ஒதுக்குகிற கம்பெனிகள் இருக்கின்றன, அங்கே நேரத்தைச் செலவழிக்காதீர்கள். இதையெல்லாம் படிக்கிற அக்னிவீர் தம்பிகள் யாராவது இருந்தால், உங்கள் கணக்கு முற்றிலும் வேறு: நாலு வருஷத்தில் வெளியே வந்தால் வயசு இருக்கிறது, பென்ஷன் இல்லை. நேராகப் பட்டப் படிப்பில் சேருங்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை, சிக்னல்ஸ்காரர் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். ரெஸ்யூம் எழுத சாட்பாட்டைப் பயன்படுத்துகிற பழக்கம் வந்துவிட்டது. யூனிட் பெயர், இருந்த இடம், கருவியின் மாடல், அலைவரிசை, எதையும் அதில் போடாதீர்கள். 1923 அலுவலக ரகசியச் சட்டம் ஓய்வு பெற்றபின்னும் உங்களை விடாது. நேர்காணலில் ஆர்வமாகக் கேட்பார்கள், அங்கேயும் இதே வரம்புதான். முதலில் தாளில் தமிழிலேயே ஐந்து சம்பவம் எழுதுங்கள்: அரைகுறைத் தகவலை வைத்து நீங்கள் முடிவெடுத்த ஐந்து இடம், என்ன தெரிந்திருந்தது, என்ன தெரியவில்லை, யாரைக் கேட்டீர்கள், என்ன ஆனது. இடமும் கருவியும் வராமல் பார்த்துக்கொண்டு இங்கேயே கீழே போடுங்கள், ஹெச்ஆர் கண்ணுக்கு எப்படி எழுதுவது என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.